இருபது நிமிடத்தில் முடிந்த முதல் நாள்

மார்ச் 4, செவ்வாய்

காலை 9.40 முதல் 1.15 வரை மருத்துவமனைப் பதிவேட்டு அறை. இன்று எழுதி முடித்த குழந்தைகள் ஆறு. மொத்தம் நூற்று முப்பத்தொன்று. பாக்கி பத்தொன்பது.

புதிய பென்சில் தொடங்கினேன். பழையதைத் தூக்கிப் போட மனம் வரவில்லை, சட்டைப் பையில் இருக்கிறது. இரண்டு பென்சில் வைத்திருப்பவன் ஒரு பென்சிலை நம்பாதவன் என்று மனைவி சொல்வாள்.

நான் செய்வது எளிய வேலை. முப்பத்திரண்டு வாரம் நிறைவதற்குள் பிறந்த குழந்தை ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. எத்தனை வாரம், எத்தனை கிராம், தாய்க்குப் பிரசவத்துக்கு முன் குழந்தையின் நுரையீரலைத் தேற்றும் ஊசி போட்டார்களா, வேறு மருத்துவமனையிலிருந்து வண்டியில் வந்ததா, மூச்சு இயந்திரம் வைத்தார்களா, கிருமித்தொற்று உண்டா, பிறந்த தேதி, பிறந்த நேரம். கடைசிக் கட்டத்தில் மூளையில் இரத்தக் கசிவு: உண்டு அல்லது இல்லை.

‘இல்லை’ என்று எழுதும்போது கையெழுத்து கொஞ்சம் பெரிதாகிவிடுகிறது. கவனித்துத் திருத்த வேண்டும்.

மார்ச் 7, வெள்ளி

வார்டில் எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்: கட்டம் தாத்தா. கல்லூரியில் முப்பத்து நான்கு வருடம் புள்ளியியல் நடத்தியபோது மாணவர்கள் வைத்த பெயரைவிட இது பரவாயில்லை. அங்கே நான் ‘ஒருவேளை சார்’. எந்த வாக்கியத்தையும் ‘ஒருவேளை’ இல்லாமல் தொடங்க மாட்டேனாம். இருக்கலாம்.

துடைப்பமும் வாளியுமாக அறைக்கு வரும் அம்மாள் இன்று என் தாளை எட்டிப் பார்த்தார்.

“ஐயா, மாசக்கணக்கா ஒரே குறுக்கெழுத்தப் போட்டுக்கிட்டு இருக்கீங்களே. இன்னுமா விடை கிடைக்கல?”

“இல்லம்மா.”

“பரிசு எவ்வளவு?”

“பரிசெல்லாம் இல்ல.”

“அப்ப நல்லா மாட்டிக்கிட்டீங்க” என்று சொல்லிவிட்டு என் காலைத் தூக்கச் சொல்லித் துடைத்துவிட்டுப் போனார்.

மார்ச் 12, புதன்

டாக்டர் பெண் மதியம் தேநீரோடு வந்தாள். மனைவியின் தங்கை மகள்; என்னை இந்த வேலையில் இழுத்துவிட்டவள். “வீட்ல சும்மா உக்காந்து பெரியம்மாகிட்டத் திட்டு வாங்குறதுக்கு, வந்து எங்களுக்குக் கணக்குப் போட்டுக் குடுங்க பெரியப்பா” என்று கூப்பிட்டாள்.

குறை மாதக் குழந்தையின் மூளையில் ஏன் இரத்தம் கசிகிறது என்று கேட்டேன். ஆறு மாதம் கழித்துக் கேட்கிறேன்! இத்தனை நாள் கேட்கப் பயம்.

அவள் தேநீர்க் கோப்பைக்கு அடியிலிருந்த காகிதத்தை எடுத்துக் காட்டினாள். நனைந்திருந்தது. “இப்படித்தான் இருக்கும் பெரியப்பா, அந்த இடத்து ரத்தக்குழாய். முப்பத்திரண்டு வாரத்துக்கு அப்புறம் தானா கெட்டியாகிடும். அதுக்கு முன்னாடி வந்துட்டா, அழுத்தம் கொஞ்சம் ஏறி இறங்கினாக்கூடக் கிழியும். குழந்தை அழுதா ஏறும். சட்டுனு தூக்கினா ஏறும். மருந்த வேகமா ஏத்தினா ஏறும். பெரும்பாலும் முதல் மூணு நாளுக்குள்ளதான் ஆபத்து. தாண்டிட்டா பாதி கிணறு தாண்டின மாதிரி இல்ல, முக்காலே மூணு வீசம் தாண்டின மாதிரி.”

அதனால்தான் போன வருடம் மஞ்சள் அட்டை கொண்டுவந்தார்களாம். முப்பத்திரண்டு வாரத்துக்குக் கீழே பிறந்த குழந்தையின் பெட்டியில் மூன்று நாளைக்கு மஞ்சள் அட்டை தொங்கும். தொங்கும்வரை எடை பார்க்கக் கூடாது, உடம்பு துடைக்கக் கூடாது, அணையாடை மாற்றக் காலைத் தூக்கக் கூடாது, தலையைப் பக்கவாட்டில் திருப்பக் கூடாது. இரத்தம் எடுப்பது மெதுவாக, மருந்து ஏற்றுவது அதைவிட மெதுவாக.

சிக்கல் என்னவென்றால், இப்படிப் பார்த்துக்கொள்ள ஒவ்வொரு பணி நேரத்திலும் ஒரு நர்ஸ் கூடுதலாக வேண்டும். பெரிய டாக்டர் ஏப்ரல் வரை பார்ப்பாராம். பலன் இருப்பதாக எண்கள் சொன்னால் அட்டை இருக்கும். இல்லையென்றால் அட்டையும் போகும், கூடுதல் நர்ஸும் வேறு வார்டுக்குப் போவார்.

“எண்கள் சொன்னா” என்றாள். அதாவது நான் சொன்னால்.



மார்ச் 13, வியாழன்

நானும் ஏழாம் மாதத்தில் பிறந்தவன். வீட்டில் ‘அவசரக்குடுக்கை’ என்பார்கள். மனைவியிடம் இன்று நினைவுபடுத்தினேன். “பொறக்கும்போது மட்டும்தாங்க அவசரப்பட்டீங்க. அதோட சரி” என்றாள்.

மார்ச் 20, வியாழன்

முடிந்தது. நூற்றைம்பது வரிகள்.

அட்டைக்கு முந்தைய இரண்டு வருடம்: குழந்தைகள் 84, கசிவு 21. நான்கில் ஒன்று.
அட்டை வந்தபின் ஒரு வருடம்: குழந்தைகள் 66, கசிவு 13. ஐந்தில் ஒன்று.

நான்கில் ஒன்று, ஐந்தில் ஒன்று. இதை வைத்துக்கொண்டு யாரிடம் என்ன சொல்வது? காசைச் சுண்டினால்கூட இவ்வளவு வித்தியாசம் வரும். மூன்று முறை கூட்டிப் பார்த்தேன். மூன்று முறையும் சரியாகவே வந்தது. தவறாக வந்திருந்தால் நன்றாயிருக்கும்.

பிறகு, பழக்க தோஷம், ஒவ்வொரு கட்டமாக எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். வாரம் குறைந்தால் கசிவு அதிகம், தெரிந்ததுதான். வண்டியில் வந்தவர்களுக்கு அதிகம், தெரிந்ததுதான். அம்மாவுக்கு ஊசி போட்டிருந்தால் குறைவு, சந்தோஷம். கடைசியாகப் பிறந்த நேரம். அட்டை வந்தபின் பிறந்த 66 பேரில் பகல் பணியில் பிறந்தவர்கள் 35, கசிவு 3. இரவுப் பணியில் பிறந்தவர்கள் 31, கசிவு 10.

அட்டைக்கு முந்தைய வருடங்களில் இந்த வித்தியாசம் இல்லை.

தாளின் மேலே ‘இரவுப் பணி’ என்று தலைப்பு எழுதினேன்.

மார்ச் 24, திங்கள்

கூட்டம். நீள மேசை, ஏழு பேர். என் தாளைப் பெரிய டாக்டர் தூக்கிப் பிடித்தார்.

“தெளிவா இருக்கே. அட்டை பகல்ல வேலை செய்யுது. ராத்திரி வேலை செய்யல. ராத்திரி ஆளுங்க அட்டையை மதிக்கிறதில்லன்னு அர்த்தம்.”

அர்த்தம் அது அல்ல என்று சொல்ல வாயெடுத்தேன். ‘ஒருவேளை’ என்பதுவரை வந்தது. அதற்குள் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

நான் எண்ணியதைத்தானே கொடுத்தேன்? ஆமாம். ஆனால் தாளின் மேலே ‘இரவுப் பணி’ என்று தலைப்பிட்டது யார்? ‘மாலை 7.30க்கு மேல் பிறந்தவை’ என்று எழுதியிருக்கலாமே. குழந்தை எந்நேரம் பிறந்தது என்பது ஒன்று. யார் பார்த்துக்கொண்டார்கள் என்பது வேறு. மூன்று நாளும் எல்லாப் பணியாளர் கையிலும்தானே மாறி மாறி இருக்கிறது? முதலாமாண்டு மாணவன் இப்படி எழுதியிருந்தால் சிவப்பு மையால் சுழித்திருப்பேன்.

மார்ச் 27, வியாழன்

இன்று சீக்கிரம் போய்விட்டேன், 7.25. இரவுப் பணி முடிந்து வருபவர்களில் ஒருவர் உண்டு; வார்டில் எல்லாரும் சிரிப்பு சிஸ்டர் என்பார்கள். சுவரைத் தாண்டிப் பதிவேட்டு அறைவரை அந்தச் சிரிப்பு கேட்கும். இரவு முழுக்க நின்று வேலை பார்த்தவர் போல இருக்காது, கல்யாண வீட்டிலிருந்து வருகிறவர் போல இருப்பார்.

இன்று சிரிப்பு இல்லை. என் அறை வாசலில் நின்றார்.

“கட்டம் தாத்தா, ஒண்ணு கேக்கட்டுமா?”

“சொல்லும்மா.”

“என் பேரு எந்தக் கட்டத்துல இருக்கு?”

“பேரெல்லாம் எழுதறதில்லம்மா. யார் பேரும் இல்ல.”

“அப்படியா? எல்லாரும் என்னையே பாக்குறாங்களே. இருக்குன்னு நெனச்சேன்.”

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார். வேறு வார்டுக்கு மாற்றம் கேட்டு எழுதிக் கொடுத்திருப்பதாக டாக்டர் பெண் பிறகு சொன்னாள். பதினோரு வருடமாகக் குறை மாதக் குழந்தைகளை மட்டும் பார்த்தவர். சுண்டுவிரல் தடிமன் கையில் ஊசி ஏற்ற வார்டில் அவரைத்தான் தேடுவார்களாம்.

என்ன காரியம் பண்ணிட்டேன்! யாரு கேட்டா என்னை நேரத்தைப் பிரிச்சுப் பாருன்னு? ஒழுங்கா வீட்ல கெடந்திருக்கலாம்ல.

மார்ச் 28, வெள்ளி

மாற்றம் ஏப்ரல் பத்தாம் தேதியிலிருந்து. அதற்குள் எதுவாவது கண்டுபிடிக்க வேண்டும். எதுவும் இல்லையென்றால், இல்லை என்றாவது உறுதியாகத் தெரிய வேண்டும்.

ஏப்ரல் 2, புதன்

இரவுப் பணியில் பிறந்த குழந்தைகள் சிறியவையா? இல்லை. சராசரி வாரம் இரண்டு பக்கமும் இருபத்தொன்பது. வண்டியில் வந்தவர்கள் அதிகமா? பகலில் 8, இரவில் 7. இல்லை. ஊசி போடாத தாய்மார்? இல்லை. இல்லை, இல்லை, இல்லை.

இந்த ‘இல்லை’களைச் சிறிய எழுத்திலேயே எழுதினேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

மனைவி தங்கை வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். இரவு எட்டு மணிப் பேருந்து. “மூணு நாள்ல வந்துடுவேன். அதுவரைக்கும் வீடு வீடா இருக்கட்டும்” என்றாள். வண்டி ஏறும்போது மறுபடி இறங்கி வந்து, “பால் வெச்சா பக்கத்துலயே நில்லுங்க” என்றாள்.

மூன்று நாள். திங்கள் மாலைக்குள் பாத்திரங்களைக் கழுவினால் போதும்.

ஏப்ரல் 5, சனி

காலையில் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. பக்கத்திலேயேதான் நின்றேன், தாளைப் பார்த்துக்கொண்டு.

சாப்பாட்டு மேசை முழுக்கத் தாள்கள். இரவுப் பணி 7.30க்குத் தொடங்கி மறுநாள் காலை 7.30க்கு முடிகிறது. அதை மணி வாரியாகப் பிரித்தேன். நள்ளிரவுக்கு முன்பு பிறந்தவர்கள் 17, கசிவு 9. நள்ளிரவுக்குப் பின்பு பிறந்தவர்கள் 14, கசிவு 1.

மறுபடி எண்ணினேன். 9. 1.

ஒரே பணி நேரம். அதே நர்ஸுகள். நள்ளிரவுக்கு முன்பு கவனக்குறைவு, பின்பு கவனமா? தூக்கம் வருகிற நேரத்தில்தானே கவனம் குறைய வேண்டும்? இது தலைகீழாக இருக்கிறது. அப்படியானால் அவர்கள் மேல் தப்பில்லை. ஒருவேளை. இல்லை, ‘ஒருவேளை’ வேண்டாம். தப்பில்லை.

ஆனால் நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு என்னதான் மாறுகிறது? ஆள் மாறவில்லை. விளக்கு மாறவில்லை. மருந்து மாறவில்லை. மதியம் ரொட்டி சாப்பிட்டேன். பதில் கிடைக்கவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

காலை ஏழு மணிக்குக் கதவு தட்டும் சத்தம். திறந்தால் மனைவி, பையோடு. என் பின்னால் மூன்று வேளைப் பாத்திரம், அடுப்பில் காய்ந்த பால், மேசை நிறையக் குழந்தைகள், அதாவது தாள்கள்.

“என்ன இவ்வளவு சீக்கிரம்?” என்றேன். வேறு எதையாவது கேட்டிருக்கலாம்.

“சீக்கிரமா? மூணு நாள்னு சொன்னேன், மூணு நாள் ஆச்சு. என்னங்க இது, வீடா, வெள்ளம் வடிஞ்ச இடமா?”

“முந்தா நாள் ராத்திரிதானே போனே!”

“வெள்ளி, சனி, ஞாயிறு. எண்ணிப் பாருங்க. கணக்கு வாத்தியாருக்கு இதுகூடத் தெரியாதா?”

“வெள்ளிக்கிழமைன்னு நீ இருந்ததே பஸ்ல நாலு மணி நேரம்! மொத்தமே முப்பத்தஞ்சு மணி நேரம்தான் ஆச்சு!”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது. போன அன்னைக்கு ஒண்ணு, மறுநாள் ரெண்டு, வந்த அன்னைக்கு மூணு. நாள்னா நாள்தான்.”

அவள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனாள். நான் வாசலிலேயே நின்றேன்.

நள்ளிரவில் மாறுவது ஒன்றே ஒன்று. தேதி.

திங்கள் இரவு 11.40க்கு ஒரு குழந்தை பிறக்கிறது. வார்டிலும் இவள் கணக்குதான் என்றால், திங்கள் முதல் நாள். இருபது நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. செவ்வாய் இரண்டு, புதன் மூன்று. புதன் நள்ளிரவில் மஞ்சள் அட்டையைக் கழற்றுகிறார்கள். நாற்பத்தெட்டு மணி இருபது நிமிடம். இன்னொரு குழந்தை நாற்பது நிமிடம் தள்ளி, செவ்வாய் 12.20க்குப் பிறக்கிறது. அதற்கு முதல் நாளே செவ்வாய். அட்டை வியாழன் நள்ளிரவுவரை தொங்குகிறது. எழுபத்தொரு மணி நாற்பது நிமிடம்.

நாற்பது நிமிடம் முந்திப் பிறந்ததற்கு ஏறக்குறைய ஒரு நாள் அபராதம்!

அட்டை வந்தபின் பகலில் கசிந்த மூன்றையும் எடுத்துப் பார்த்தேன். இரண்டு பிற்பகலில் பிறந்தவை.

ஒரு விஷயத்தை மறைக்காமல் எழுத வேண்டும். குழந்தையின் வயதை நானும் தேதியைத் தேதியிலிருந்து கழித்துத்தான் போட்டிருக்கிறேன். நேரம் பக்கத்துக் கட்டத்தில் இருந்தது. ஆறு மாதமாக என் முழங்கைக்கு அடியில்.

மனைவி வந்து பார்த்தாள். “எதுக்கு நின்ன இடத்துல சிரிக்கிறீங்க? பால் பொங்கினதுக்கா?”

“நீ சீக்கிரம் வந்ததுக்கு” என்றேன்.

நாற்பத்தேழு வருடத்தில் நான் சொன்ன நல்ல வார்த்தை இதுதான் என்றாள். விளக்கத்தை மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 7, திங்கள்

முதலில் பெரிய சிஸ்டரிடம் போனேன். வார்டின் தலைமை நர்ஸ்; போர்டில் விதிகளை எழுதியவர். கேட்பதற்கு முன்பு தொண்டையை மூன்று முறை செருமினேன்.

“மஞ்சள் அட்டைய எப்ப கழட்டுவீங்க சிஸ்டர்?”

“மூணு நாள் முடிஞ்சதும்.”

“மூணு நாள் எப்ப முடியும்?”

என்னை ஏற இறங்கப் பார்த்தார். “மூணாம் நாள் ராத்திரி பன்னெண்டு மணிக்கு. அன்னைக்கான சார்ட்டை மூடிட்டு நாலாம் நாள் சார்ட்டைத் திறப்போம். விடிகாலை அஞ்சு மணிக்கு எடை பார்த்து, உடம்பு துடைச்சு, ரத்தம் எடுத்து, ரவுண்ட்ஸுக்கு ரெடியா வெச்சிருவோம்.”

மூன்று நாளாகத் தொடாமல் வைத்திருந்த வேலை எல்லாம் ஒரே விடியலில்.

“பொறந்த நாளை எத்தனையாவது நாள்னு எண்ணுவீங்க, சிஸ்டர்?”

“இது என்ன கேள்வி? ஒண்ணு. பொறந்த புள்ளைக்கு யாராவது பூஜ்ஜியம்னு சொல்வாங்களா?”

தாளை நீட்டினேன். 11.40 குழந்தையையும் 12.20 குழந்தையையும் அடுத்தடுத்து எழுதியிருந்தேன். படித்தார். மறுபடி படித்தார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

“ஐயோ” என்றார், மெதுவாக.

ஏப்ரல் 8, செவ்வாய்

நாளைய கூட்டத்துக்குச் சொல்ல வேண்டியதை எழுதி மனப்பாடம் செய்தேன். பதினொரு வாக்கியம். மனைவி கேட்டுவிட்டு, “இதுல ஒம்பது ‘ஒருவேளை’ இருக்கு. எல்லாத்தையும் எடுங்க” என்றாள்.

இரண்டை மட்டும் வைத்துக்கொள்ள அனுமதி பெற்றேன்.

ஏப்ரல் 9, புதன்

அதே நீள மேசை. எழுந்து நின்றுதான் பேசினேன். உட்கார்ந்து பேசினால் குரல் மேசைக்குள் போய்விடுகிறது. முதல் வாக்கியம்: “போன கூட்டத்துல என் தாளோட தலைப்பு தப்பு.” அதற்குப் பிறகு எல்லாம் எப்படியோ வந்தது.

முடித்ததும் பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நான் எழுபத்திரண்டு மணி நேரம்னுதானே சொன்னேன்?”

பெரிய சிஸ்டர் அசையவில்லை. “மூணு நாள்னுதான் சொன்னீங்க சார். போர்டுல எழுதினது நான். எழுத்து என்னோடது, வார்த்தை உங்களோடது.”

ஒரு கணம் என்ன ஆகுமோ என்று மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். பெரிய டாக்டர் சிரித்துவிட்டார். “சரிதான். ஆபத்துக் காரணிகள்னு பதினெட்டு எழுதி வெச்சிருக்கோம். பத்தொன்பதாவதா என் வாயையும் சேர்த்துக்குங்க.”

அப்போதும் நான் சும்மா இருக்கவில்லை. பதினேழில் ஒன்பது என்பது சிறிய எண், இதை வைத்து நிரூபணம் என்று சொல்ல முடியாது, மணிக்கணக்கில் அட்டையைப் போட்டு ஆறு மாதமாவது எண்ணிப் பார்க்க வேண்டும் என்றேன். “ஒருவேளை நான் நினைக்கிறது தப்பா இருக்கலாம்.” அனுமதித்த இரண்டில் ஒன்று. ஆறு மாதம் கொடுத்தார். கூடுதல் நர்ஸும் இருப்பார்.

பிறகு, கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டே, “அந்த மாற்றம்…” என்றேன்.

“எந்த மாற்றம்? ஓ.” டாக்டர் பெண்ணைப் பார்த்தார். “அந்தக் கடிதத்தைக் கிழிச்சுடுங்க. இல்ல, என்கிட்ட குடுங்க. நானே போய்ப் பேசிக் குடுத்துட்டு வர்றேன்.”

ஏப்ரல் 10, வியாழன்

காலை 7.32. வாசலில் சிரிப்பு சிஸ்டர். கையில் நான்காகக் கிழித்த கடிதம்.

“கட்டம் தாத்தா! அப்ப தப்பு எங்களோடது இல்ல, கடிகாரத்தோடது. அப்படித்தானே?”

“கடிகாரம் சரியாத்தாம்மா ஓடிச்சு. நாள்காட்டிதான் முந்திக்கிச்சு. என்னை மன்னிக்கணும், தலைப்பு தப்பா போட்டுட்டேன்…”

“அட விடுங்க தாத்தா. பதினொரு வருஷத்துல எனக்குக் கெடைச்ச ஒரே ஓய்வு அந்தப் பதினஞ்சு நாள்தான். ஒரு பய ஊசி போடக் கூப்பிடல!”

சிரித்தார். பதிவேட்டு அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது என்று எழுதினால் மிகை. ஆனால் அதிர்ந்தது.

துடைப்பத்தோடு வந்த அம்மாள் கேட்டார்: “என்னங்க ஐயா, விடை கெடைச்சிருச்சா?”

“கெடைச்சிருச்சும்மா.”

“எத்தனை எழுத்து?”

யோசித்தேன். “ரெண்டு. நாள்.”

“இதுக்கா இத்தனை மாசம்?” என்றார்.

ஏப்ரல் 16, புதன்

புதிய மஞ்சள் அட்டைகள் வந்துவிட்டன. ‘மூன்று நாள்’ என்ற சொல் அதில் எங்கும் இல்லை. ‘பிறந்த நேரம்’, அதற்குக் கீழே ‘அட்டை கழற்றும் நேரம்’. இரண்டுக்கும் கிழமை, மணி, நிமிடம். அச்சுக்குப் போகும் முன் மூன்று முறை பிழை பார்த்தேன். கழற்றிய பிறகும் எல்லா வேலையையும் ஒரே மூச்சில் செய்யக் கூடாது, ஒவ்வொன்றாக என்று பெரிய சிஸ்டர் ஒரு வரி சேர்த்திருக்கிறார். நல்ல வரி. எனக்குத் தோன்றவில்லை.

ஜூன் 3, செவ்வாய்

பதினொரு குழந்தைகள். கசிவு இல்லை. எழுத்து பெரிதாகிவிட்டது. திருத்தவில்லை.

ஜூலை 18, வெள்ளி

ஒன்று. இருபத்தைந்து வாரம், வண்டியில் வந்த குழந்தை. அட்டை சரியாகத்தான் தொங்கியது. எல்லாவற்றையும் அட்டை தடுக்காது என்பது தெரிந்ததுதானே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். தெரிந்திருப்பதால் ஒன்றும் குறைவதில்லை. சிறிய கசிவு, தானாக வற்ற வாய்ப்பு அதிகம் என்றாள் டாக்டர் பெண்.

அக்டோபர் 6, திங்கள்

ஜூலைக் குழந்தையின் ஸ்கேன் நன்றாக இருக்கிறதாம். கசிந்த இடமே தெரியவில்லையாம். இன்று வீட்டுக்குப் போகிறது. சன்னல் வழியே பார்த்தேன்: ஒரு பெரிய துண்டுச் சுருள், அதற்குள் எங்கோ அது.

அக்டோபர் 14, செவ்வாய்

ஆறு மாதக் கணக்கு. குழந்தைகள் 38, கசிவு 4. பத்தில் ஒன்று போல. மாலையிலிருந்து நள்ளிரவுக்குள் பிறந்தவர்கள் 10, கசிவு 1. சிறிய எண்கள்தான், இன்னும் எண்ண வேண்டும் என்று தாளின் அடியில் எழுதியிருக்கிறேன். பெரிய டாக்டர் படித்துவிட்டு, “இத நீங்க எழுதலன்னாதான் ஆச்சரியம்” என்றார். அட்டை இனி நிரந்தரம். கூடுதல் நர்ஸும் நிரந்தரம்.

சிரிப்பு சிஸ்டர் வந்து, “நாளன்னைக்குச் சாயங்காலம் ஆறு அம்பதுக்கு நீங்க வார்டுக்குள்ள வரணும்” என்றார்.

ஒரு வருடத்தில் கண்ணாடிக் கதவைத் தாண்டியதில்லை. முடியாது என்று சொல்லத் தேவையான காரணங்களை நினைத்துப் பார்க்கிறேன். ஐந்து இருக்கின்றன. ஐந்தும் ஒன்றேதான்: பயம்.

அக்டோபர் 16, வியாழன்

போனேன்.

கையை முழங்கைவரை கழுவச் சொன்னார்கள். இரண்டு நிமிடம் என்று சுவரில் எழுதியிருந்தது. நான்கு நிமிடம் கழுவினேன். உள்ளே வெளிச்சம் மங்கலாக, வெதுவெதுப்பாக, எல்லாரும் கிசுகிசுவென்று பேசினார்கள். ஏழாம் பெட்டி. இருபத்தேழு வாரம், பிறந்தபோது 980 கிராம், பெண். என் தாளில் 189ஆம் வரி.

வரிக்கு விரல்கள் இருந்தன. நகம்கூட இருந்தது.

பெட்டிக்குப் பக்கத்தில் அவள் அம்மா; தையல் வேலை செய்கிறவராம். நாற்காலி நுனியில் உட்கார்ந்து அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்: பிறந்த நேரம், திங்கள் மாலை 6.50. அட்டை கழற்றும் நேரம், வியாழன் மாலை 6.50.

“நீங்க யாருங்க? டாக்டருங்களா?”

“இல்லம்மா. நான்…” கழுவிய கையைப் பார்த்துக்கொண்டேன். “நான் கட்டம்.”

“எங்க தாத்தாம்மா” என்றார் சிரிப்பு சிஸ்டர். இந்த வாரம் அவருக்குப் பகல் பணி. “இந்த நேரத்தக் கண்டுபிடிச்சவரே இவர்தான். பழைய கணக்குன்னா நேத்து நடுராத்திரியே கழட்டியிருப்போம்.”

பதினெட்டு மணி ஐம்பது நிமிடம் முன்பே. மனத்துக்குள் கழித்துப் பார்த்துக்கொண்டேன்.

சுவர்க் கடிகாரம் 6.50 காட்டியது. சிஸ்டர் தலையசைத்தார். நான் அசையவில்லை.

“தாத்தா, நேரமாச்சு.”

“அந்தக் கடிகாரம் ஒரு நிமிஷம் முன்னாடி ஓடுது. என் கைக்கடிகாரத்துல இன்னும் ஆகல.”

சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். குழந்தையின் அம்மாவுக்கும் தொற்றிக்கொண்டது. ஒரு நிமிடம் மூன்று பேரும் எதற்கென்று தெரியாமல் சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டு நின்றோம். பிறகு என் கடிகாரத்திலும் 6.50 ஆனது. அட்டையின் கயிற்றை அவிழ்த்தேன். முடிச்சு எளிதாகத்தான் இருந்தது.

எடை, துடைப்பது, ஊசி எல்லாம் அப்புறம். முதலில் அம்மா. சிஸ்டர் குழந்தையை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி, தலை அசையாமல், அவ்வளவு மெதுவாக எடுத்து அந்தப் பெண்ணின் நெஞ்சில் வைத்தார். இப்படி ஒரு கையைத்தான் நான் ‘இரவுப் பணி: 10’ என்று எழுதினேன்.

“வந்துட்டியா, அவசரக்குடுக்கை” என்றார் அந்த அம்மா, குழந்தையிடம்.

நான் திரும்பிப் பார்த்தேன். என்னைக் கூப்பிட்டது போல இருந்தது.

அக்டோபர் 17, வெள்ளி

வரி 189. ஸ்கேன் காலை 10.15. கடைசிக் கட்டம்: இல்லை.

நவம்பர் 7, வெள்ளி

மனைவி தங்கை வீட்டுக்குக் கிளம்பினாள். வாசலில் வைத்து, “மூணு நாள்ல…” என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். “சமையல்கட்டுல எழுதி வெச்சிருக்கேன். படிச்சுக்குங்க.”

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் மஞ்சள் அட்டை ஒன்று. டாக்டர் பெண்ணிடம் வாங்கியிருக்க வேண்டும். அவள் கையெழுத்தில்:

‘கிளம்பும் நேரம்: வெள்ளி காலை 9.05. அட்டை கழற்றும் நேரம்: திங்கள் காலை 9.05. அதுவரை அடுப்பு, மிக்ஸி, மேல் தட்டு டப்பாக்கள் எதிலும் கை வைக்கக் கூடாது. பக்கத்து வீட்டில் சாப்பாடு சொல்லியிருக்கிறேன். தலையை நேராக வைத்துத் தூங்கவும்.’

பேருந்து உண்மையில் 9.11க்குத்தான் புறப்பட்டது. பென்சிலால் திருத்தி வைத்திருக்கிறேன்.